கத்தாரில் ஓடிய பாண் ஓட்டோ

கனகரத்தினத்துக்குக் காது கேட்காது. திருகோணமலைத் துறைமுகத்து இயந்திரப் பட்டறையில் முப்பத்திரண்டு வருடம் வேலை செய்து, சம்பளத்தை வீட்டுக்கும் காதைப் பட்டறைக்கும் கொடுத்த மனுசன். ஆனால் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தால் மட்டும் எப்படியோ அவருக்குத் தெரிந்துவிடும். உடனே மகளின் முகத்தைப் பார்ப்பார்.

"என்ன சத்தம் பிள்ளை?"

மகள் பூரணி சொல்லியாக வேண்டும். அது சீனன்குடாவில பிளேன் இறங்குது அப்பா. அது தூர, மூதூர்ப் பக்கம். அது நேவிக்காரர் பழகினம். அது இடி. கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் பொய். சண்டை நடந்த இரண்டாயிரத்து ஆறிலும் ஏழிலும் அவர்கள் இருந்த ஓர்ஸ் ஹில்லில் வானம் இடித்ததை விடப் பூரணியின் வாயில் இடித்ததுதான் அதிகம். கனகரத்தினம் அதை நம்பிக் குடையை எடுத்து வாசலில் வைப்பார். மழை வராது. பொல்லாத வானம் என்று திட்டிவிட்டுக் குடையை உள்ளே வைப்பார்.

இப்படி ஒரு செவிட்டு மனுசனுக்குக் காதாக இருந்து இருந்துதான் பூரணியின் காது அவ்வளவு கூர்மையானது. அவளுக்கு நாற்பத்தொரு வயது. கலியாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று ஊர் கேட்டுக் கேட்டுக் களைத்து, கடைசியில் அந்தக் கேள்வியை விட்டுவிட்டது. காலையில் டவுனில் முனாப் நானாவின் கொமினிகேசன் கடைக்குப் போவாள். அங்கே மூன்று கொம்பியூட்டர், ஒரு போட்டோப் பிரதி இயந்திரம், நான்கு டெலிபோன் பெட்டி. கலியாண வீட்டுப் படங்களுக்குப் பாட்டு வெட்டி ஒட்டி சீடி அடித்துக் கொடுப்பதும் அவள் வேலை. பின்னேரம் ஐந்து மணிக்குள் ராணுவத்தின் சென்றிச் சாவடியைக் கடந்து வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். வந்தால் மறுநாள் காலைவரை நான்கு சுவரும் அப்பாவும்தான்.

முனாப் நானாவின் கடையில் ஒரு சட்டம் இருந்தது. வாடிக்கையாளரின் திரையைப் பார்க்கக் கூடாது. அச்சடித்த தாளைக் கவிழ்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

"பூரணி புள்ள, இந்தக் காலத்துல ஆக்கள் எதையெதையோ அடிப்பாங்க. நாம வாசிச்சா நாமளும் அதுக்குள்ள. கண்டுக்கப்படாது" என்பார்.

பூரணி அந்தச் சட்டத்தைத் தன் மானமாகவே வைத்திருந்தாள். பக்கத்தில் குண்டு விழுந்தாலும் அடுத்தவர் தாளை நிமிர்த்திப் பார்க்க மாட்டாள். பின்னால் இந்த மானம்தான் அவளைக் கவிழ்த்தது.

கடையில் ஆள் இல்லாத ஒரு மத்தியானத்தில்தான் அவள் 'பாட்டுப் பந்தல்' என்ற இணையத்தளத்தைக் கண்டுபிடித்தாள். சங்கீதம் படித்தவர்களுக்கு அங்கே வேலையில்லை. சொந்தமாகப் பாட்டுக் கட்டத் தெரிந்த, ஆனால் யாரும் மேடை கொடுக்காத ஆட்கள் தங்கள் வீட்டு அறையில் பாடிப் பதிந்து ஏற்றிவைக்கும் இடம் அது. சினிமாப் பாட்டு ஏற்றினால் தூக்கி எறிந்துவிடுவார்கள். சொந்தப் பெயர் யாருக்கும் தேவையில்லை. பூரணி தனக்குச் 'செவிடி' என்று பெயர் வைத்துக்கொண்டாள்.

அவள் பாடியதில்லை. கேட்டாள். அதுவும் கடைசிப் பக்கத்தில் இருந்து கேட்டாள். ஒருவரும் ஒரு வார்த்தை பதில் எழுதாமல் கிடக்கும் பாட்டுகள் அங்கேதான் இருக்கும். நான்கைந்தைத் தன் சின்ன எம்பி3யில் இறக்கிக்கொண்டு போய், வீட்டில் அப்பாவுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுக் கேட்பாள். வெள்ளிக்கிழமை தோறும் 'நீங்கள் கேளாமல் விட்டவை' என்று ஒரு பட்டியல் போடுவாள். அவள் பட்டியலில் வந்தால் நூறு பேர் போய்க் கேட்பார்கள். பாண்டிச்சேரியில் ஒரு பஸ் கண்டக்டர், மன்னாரில் ஒரு தாதி, ரொறன்ரோவில் ஒரு சமையல்காரன் எல்லோரும் செவிடி அக்காவின் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருந்தார்கள். ஐந்து மணிக்குப் பிறகு வாசல் படலைக்கு வெளியே போக முடியாதவளுக்கு இது சின்ன விசயமில்லை.

அவளுடைய பெரிய கெட்டித்தனம் வேறு. பாட்டுக்குப் பின்னால் கிடக்கும் சத்தங்களை அவள் எழுதுவாள். 'தம்பி, உங்கட சீலிங் பேன் ஒரு பக்கம் தேய்ஞ்சிருக்கு, விழ முதல் கழட்டுங்கோ.' 'தங்கச்சி, மூண்டாவது வரியில அம்மா தேங்காய் துருவத் தொடங்கினவ.' தோஹாவில் வேலை செய்யும் ஒருவனுக்கு, 'நீங்கள் அலுமாரிக்குள்ள இருந்து பாடுறியள். சட்டைகள் சத்தத்தைக் குடிக்குது' என்று எழுதினாள். ஆறு பேர் தூங்கும் அறையில் வேறு எங்கே இருந்து பாடுவது என்று அவன் அழாத குறையாகப் பதில் போட்டான். அதற்குப் பிறகு அது ஒரு விளையாட்டாகவே ஆனது. புதிதாகப் பாட்டு ஏற்றுகிற எல்லோரும் அடியில் ஒரு வரி போட்டார்கள்: செவிடி அக்கா, நான் எங்க இருக்கிறன்?

அந்த ஆட்களில் 'வாளி' என்ற ஒருவனை அவளுக்கு நன்றாகப் பிடிக்கும். கவிழ்த்த வாளியில் தட்டிக்கொண்டு பாடுகிறவன். தானும் கத்தாரில் இருப்பதாக எழுதியிருந்தான். குரல் அப்படி ஒன்றும் பெரிய குரல் இல்லை. ஆனால் சின்ன விசயத்தைப் பிடித்துக்கொண்டு அதை விடமாட்டான். ஒரு பாட்டு இப்படித் தொடங்கும்:

சோடிச் செருப்பில ஒண்டைக் காணேல்ல,
மற்றது மட்டும் எங்க போகும்?
வாசல் பார்த்துக் குந்திக்கிடக்கு,
கால் வந்தால்தானே அது போகும்.

பூரணி அதைக் கேட்டுச் சிரித்தாள். மூன்றாம் முறை கேட்டபோது சிரிப்பு வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

ஆவணி மாதம் ஒரு புதன்கிழமை வாளியின் புதுப்பாட்டு வந்தது. பூரணி அன்று பின்னேரமே வீட்டில் கேட்டாள். இரண்டாம் நிமிசத்தில் வாளியின் தாளத்துக்குப் பின்னால், வெகு தூரத்தில், ஒரு மெட்டு. அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

ஓர்ஸ் ஹில்லுக்குப் பேக்கரியில் சுட்ட பாண் கொண்டு வருகிறவர் சரீப் நானா. அவருடைய ஓட்டோவின் கூரையில் ஒரு பாட்டுப் பெட்டி. எல்லாப் பாண் ஓட்டோவும் பாடுகிற அதே மெட்டுத்தான், ஆனால் சரீப் நானாவின் பெட்டி நடுவில் ஓரிடத்தில் விக்கல் எடுத்து, இரண்டு சுரத்தை விழுங்கிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரித் தொடரும். பின்னேரம் ஐந்தரைக்கு மூன்றாம் ஒழுங்கைக்குள் அது திரும்பும்போது சோமசேகரம் மாஸ்டரின் நாய் மூன்று தரம் குரைத்து ஒரு தரம் ஊளையிடும். பாட்டில் விக்கல் இருந்தது. மூன்று குரைப்பு இருந்தது. ஊளையும் இருந்தது.

அன்று இரவு முழுக்க அவளுக்குச் சந்தோசம். உலகம் முழுக்கக் காது கொடுத்துக் கேட்டவளுக்கு, ஒரு பாட்டுக்காரன் தன் வீட்டில் இருந்து இருநூறு யார் தூரத்தில் வாளி தட்டிக்கொண்டிருக்கிறான் என்றால் சும்மா இருக்க முடியுமா? அதோடு அவன் கத்தார் என்று பீற்றிக்கொண்டிருக்கிறான். கள்ளன். மாட்டிக்கொண்டான்.

வியாழன் மத்தியானம் இரண்டரைக்குக் கடைத்தெருவுக்கு அங்கால் ஒரு வெடி கேட்டது. முனாப் நானா ஓடி வந்து கதவின் தகட்டை இழுத்தார்.

"மூடு புள்ள, மூடு! எல்லாத்தையும் நிப்பாட்டு!"

பூரணி நிறுத்தினாள். நிறுத்துவதற்கு முன் அவசரமாக ஒன்றை எழுதி அனுப்பிவிட்டுத்தான் நிறுத்தினாள்:

'வாளி தம்பி, கத்தாரில எப்பயிருந்து எங்கட பாண் ஓட்டோ ஓடுது? அந்த விக்கல் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லுக்கு மட்டும்தான் சொந்தம். பின்னால குரைக்கிறது ஒரு மாஸ்டரின்ட நாய். மூண்டாம் ஒழுங்கை. பிடிச்சிட்டன்!'

சென்றியில் நீண்ட வரிசை. வெடி கேட்ட நாளில் வீட்டுப் பட்டியலையும் கேட்பார்கள். யார் யார் வீட்டில் இருக்கிறார்கள் என்ற பட்டியல், குடும்பப் படத்தோடு. பூரணி பையில் இருந்து தன்னுடையதை எடுத்தாள். அவளே அடித்தது. ஓர்ஸ் ஹில்லில் பாதி வீட்டின் பட்டியலை அவள்தான் கடையில் வைத்து அடித்துக் கொடுத்தவள். முதலாம் ஒழுங்கை, இரண்டாம் ஒழுங்கை, மூன்றாம் ஒழுங்கை. மூன்றாம் ஒழுங்கையில், மாஸ்டர் வீட்டுக்கு எதிர் வீடு: புஷ்பவதி, விதவை. மகன் தவரூபன், வயது இருபத்திரண்டு. தற்போது இருக்குமிடம்: கத்தார்.

அவளுடைய விரல்கள்தான் அந்தச் சொல்லை அடித்தன.

வரிசையில் நின்றபடியே அவள் ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தாள். புதன்கிழமை தோறும் கடைக்கு வந்து இரண்டாவது கொம்பியூட்டரில் அரை மணித்தியாலம் குந்தியிருக்கும் புஷ்பக்கா. கத்தாரில் இருக்கிற மகனுக்குப் படம் அனுப்ப வேண்டும் என்று கேட்டு, கோப்பை எப்படி ஏற்றுவது என்று பூரணியிடமே படித்த புஷ்பக்கா. போகும்போது இரண்டு தாள் அச்சடித்து வாங்கிப் போகிறவள். அந்தத் தாள்களைப் பூரணி ஒரு நாளும் நிமிர்த்திப் பார்த்ததில்லை. வாளிக்குத் தான் எழுதிய பதில்களைத் தானே அச்சடித்துக் கவிழ்த்துக் கொடுத்திருக்கிறாள்.

அந்த நாட்களில் இருபத்திரண்டு வயதுப் பெடியனை இரண்டு பக்கமும் தேடும். ஒரு பக்கம், எங்களோடு வா என்று. மறுபக்கம், அவர்களோடு போனாயா என்று. பெடியன் ஒன்றும் செய்திருக்கத் தேவையில்லை, வயது இருந்தால் போதும். தாய்மார் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்ப வழியில்லாதவர்கள் அனுப்பியதாகச் சொன்னார்கள். புஷ்பவதி மகனை வீட்டுக்குள்ளேயே கத்தாருக்கு அனுப்பியிருக்கிறாள். அந்தக் கத்தாரின் விலாசத்தை, நாய் உட்பட, பூரணி உலகத்துக்கு எழுதிவிட்டு வந்திருக்கிறாள்.

திரும்பிக் கடைக்கு ஓட நினைத்தாள். வரிசை ஒரு பக்கமாகத்தான் நகரும். பின்னேரம் ஊரடங்கு போட்டார்கள். டெலிபோனை எடுத்துக் காதில் வைத்தாள், செத்த அமைதி. கைத்தொலைபேசியும் வேலை செய்யவில்லை. முழு ஊருக்கும் லைன் இல்லை.

வியாழன் பின்னேரம், வெள்ளி, சனி, ஞாயிறு. வீட்டுக்குள் மூன்று அறை, ஒரு குசினி, ஒரு விறாந்தை. பூரணி எல்லாவற்றையும் நடந்து தீர்த்தாள். இருநூறு யாருக்கு அப்பால் ஒரு பெடியன் வெளியே வர முடியாமல் இருக்கிறான். அவனைக் காட்டிக் கொடுத்த எழுத்து எங்கேயோ ஒரு திரையில் வெளிச்சமாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். எழுதியவள் மட்டும் அழிக்க ஏலாமல் கிடக்கிறாள். பந்தலை ராணுவமோ இயக்கமோ வாசிக்குமா என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் ரொறன்ரோவும் லண்டனும் வாசிக்கும். அங்கே ஒரு ஆள் வாசித்தால் இங்கே ஒரு மாமி அறிவாள். மாமி அறிந்தால் பிறகு யாருக்கும் கஷ்டமில்லை.

"என்ன சத்தம் பிள்ளை?" என்றார் கனகரத்தினம்.

"ஒண்டுமில்லை அப்பா."

"நீ நடக்கிறது. நிலம் அதிருது."

சனிக்கிழமை காலை சாமான் வாங்க இரண்டு மணித்தியாலம் ஊரடங்கைத் தளர்த்தினார்கள். கொமினிகேசன் கடைகள் திறக்கக்கூடாது என்று கட்டளை. பூரணி வெறும் பையைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்றாம் ஒழுங்கைக்குப் போனாள். புஷ்பவதியின் படலையில் நின்றாள். என்ன சொல்வது? உங்கட மகன் உள்ளே இருக்கிறது எனக்குத் தெரியும் என்று சொன்னால், அந்தப் பெண் அந்த இடத்திலேயே விழுந்துவிடுவாள். சொல்லாமல் விட்டால், யாராவது வந்து நிற்கும்போது தயாராக இருக்க மாட்டாள்.

புஷ்பவதி கதவை அரைவாசி திறந்தாள். "என்ன பூரணி?"

"பாண் இருக்கோ எண்டு கேப்பம் எண்டு வந்தனான் அக்கா. அப்பாவுக்கு."

"சரீப் நானா ரெண்டு நாளா வரேல்லையே. ரொட்டி இருக்கு, பொறு."

கதவை விட்டுவிட்டு உள்ளே போனாள். பூரணி ஒரு அடி உள்ளே வைத்தாள். குசினிக்குப் பக்கத்துச் சுவரோடு ஒரு பெரிய அலுமாரி. சிவப்புச் சீமெந்து நிலத்தில், அலுமாரியின் காலடியில் இருந்து வளைவாக இரண்டு கீறல். ஒரு நாளைக்குப் பல தரம், பல மாதமாக இழுத்துத் தள்ளினால்தான் அப்படிக் கீறல் விழும். வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. பூரணியின் காதுக்கே இல்லை என்றால் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

புஷ்பவதி ரொட்டியோடு வந்தாள். பூரணியின் கண் எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். நகர்ந்து வந்து அந்தக் கீறலின் மேல் நின்றாள்.

"அக்கா," என்றாள் பூரணி, "இதில ஒரு பாயை விரிச்சு விடுங்கோ. வெறும் சீமெந்து வழுக்கும். ஆரும் வந்தால் விழுந்திடுவினம்."

புஷ்பவதி ரொட்டியை நீட்டினாள். "ஓம்," என்றாள். "விரிக்கிறன்."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. பந்தலில் தான் எழுதியதைப் பற்றிச் சொல்லவில்லை. பூரணி ரொட்டியோடு வீட்டுக்கு வந்து, அப்பாவுக்கு அதைப் பிய்த்துக் கொடுத்துவிட்டு, தான் ஒரு துண்டும் தின்னவில்லை.

திங்கட்கிழமை காலை லைன் வந்தது. முனாப் நானா கதவைத் திறக்கும்போதே அவள் அவருக்குக் கீழால் குனிந்து உள்ளே போனாள். பந்தலைத் திறந்தாள். அவள் எழுதியதை அறுபத்து மூன்று பேர் வாசித்திருந்தார்கள். பதில் நான்கு. பாண்டிச்சேரிக் கண்டக்டர், 'பத்து வாட்டி கேட்டுட்டேன்க்கா, எனக்கு ஒரு நாயும் கேக்கல' என்று எழுதியிருந்தார். மன்னார்த் தாதியும் தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றாள். மூன்றாவது ஒரு சிரிப்புப் படம். நான்காவது ரொறன்ரோ சமையல்காரன்: 'மூண்டாம் ஒழுங்கையோ! எங்கட பெரியம்மா அங்கதான் இருக்கிறா. மூண்டு நாளா லைன் கிடைக்கேல்ல. கிடைச்ச உடன கேட்டுச் சொல்லுறன், ஆரிந்தப் பாட்டுக்காரன் எண்டு.'

பூரணி கடிகாரத்தைப் பார்த்தாள். ரொறன்ரோவில் இப்போது இரவு பதினொரு மணி. அவன் தூங்கி எழும்பி, தேத்தண்ணி குடித்து, பெரியம்மாவுக்கு அடிக்க இங்கே பின்னேரம் ஆகும். ஊரை மூன்று நாள் வாய்கட்டி வைத்தவர்கள் தெரியாமல் ஒரு பெடியனுக்கு உதவி செய்திருக்கிறார்கள்.

தன் பதிவை அழித்தாள். ஆனால் சமையல்காரனின் பதிலை அழிக்க அவளால் ஏலாது. 'மூண்டாம் ஒழுங்கை' அங்கே அப்படியே நின்றது. சும்மா அழித்துவிட்டுப் போனால் அதுவே சந்தேகம். சத்தத்தை அந்த வீட்டில் இருந்து எடுக்க வேண்டும். எடுத்தால் எங்கேயாவது வைக்க வேண்டும். எங்கே வைப்பது என்று யோசிக்க அவளுக்கு நேரம் எடுக்கவில்லை. எழுதத்தான் கை வரவில்லை.

'வாளி தம்பியிட்டயும் எல்லாரிட்டயும் மன்னிப்புக் கேக்கிறன். அந்தப் பாண் ஓட்டோவும் நாயும் பாட்டில இல்லை. என்ட வீட்டு ஜன்னலுக்கு வெளியில நிண்டது. ஓர்ஸ் ஹில்லில இருக்கிறது நான்தான், கனகரத்தினத்தின்ட மகள். ஜன்னலைத் திறந்து வச்சுக்கொண்டு கேட்டதில வந்த பிழை. கொஞ்ச நாளாக் காதும் சரியில்லை. அப்பாவுக்குச் செவிடு, எனக்கும் அந்தப் பக்கம்தான் போகுது போல. இதுவரைக்கும் சொன்னதும் அரைவாசி குருட்டுக் குத்துத்தான்.'

கடைசி வரியை எழுதத் தேவையில்லை. நம்ப வைப்பதற்காக எழுதினாள். எழுதிவிட்டு, எழுதியதைப் பார்த்து அழுதாள். இரண்டு வருடம் அவளுக்கென்று இருந்தது அந்த ஒன்றுதானே.

நம்பினார்கள். அதுதான் கொடுமை; எவ்வளவு கெதியாக நம்பினார்கள். 'அதானே பார்த்தேன்' என்றார் கண்டக்டர். தோஹா அலுமாரிக்காரன் மட்டும், 'நீங்கள் என்னைச் சரியாச் சொன்னீங்களே அக்கா' என்று ஒரு வரி போட்டான். அதற்கு அவள், 'தற்செயல் தம்பி' என்று எழுதினாள். அந்த வெள்ளிக்கிழமையில் இருந்து யார் கேட்டாலும் பிழையாகவே சொன்னாள். மழையை மீன் பொரிக்கிறது என்றாள். ரயிலைத் தையல் மெசின் என்றாள். மூன்று கிழமையில், நான் எங்க இருக்கிறன் என்று கேட்பதை ஆட்கள் நிறுத்திவிட்டார்கள். 'நீங்கள் கேளாமல் விட்டவை' பட்டியலைப் போட்டாள். அதையும் கேட்க ஆளில்லை. செவிடி சொல்லி யார் கேட்பது?

ரொறன்ரோக்காரன் பெரியம்மாவுக்கு அடித்தான். பாட்டுக்காரனைப் பற்றிக் கேட்கவில்லை. பூரணியைப் பற்றிக் கேட்டான். பெரியம்மா அதை ஒழுங்கை ஒழுங்கையாகக் கொண்டுபோனாள். கனகரத்தினத்தின் மகள் இன்டர்நெற்றில் முகம் தெரியாத ஆம்பிளைகளோடு தம்பி தம்பி என்று கதைக்கிறாளாம், நாற்பது வயதில் வந்த கேட்டைப் பார் என்று. கோயிலில் இரண்டு பேர் அவளைக் கண்டு கதையை நிறுத்தினார்கள். முனாப் நானா தரையைப் பார்த்துக்கொண்டு, "புள்ள, கடைப் பேர் கெடாமப் பாத்துக்க" என்றார். கனகரத்தினத்திடமும் யாரோ கத்திச் சொல்லியிருக்கிறார்கள்.

"என்னவோ பாட்டாம்?" என்றார் மகளிடம்.

"ஒண்டுமில்லை அப்பா. இடி."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குடையை எடுக்கவில்லை.

அதற்கு அடுத்த புதன்கிழமை புஷ்பவதி கடைக்கு வந்தாள். இரண்டாவது கொம்பியூட்டருக்குப் போகவில்லை. நேரே பூரணியின் மேசைக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"நீயாமே அந்தச் செவிடி."

"ஓம் அக்கா."

"காது பழுதாமே உனக்கு."

"ஓம் அக்கா. பழுதுதான்."

புஷ்பவதியின் கண் சிவந்திருந்தது. அடிப்பாளோ என்று பூரணி நினைத்தாள். அடித்தால் நல்லது என்றும் நினைத்தாள்.

"பழுதாவே இருக்கட்டும்" என்றாள் புஷ்பவதி. பையில் இருந்து ஒரு சின்ன எம்பி3யையும் நாலாக மடித்த ஒரு கொப்பித் தாளையும் எடுத்து மேசையில் வைத்தாள். "இனி இதை நீயே ஏத்திவிடு. மகன் கத்தாரில இருந்து அனுப்பினவன்."

"ஓம் அக்கா. கத்தாரில இருந்து."

பூரணி ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். புதுப்பாட்டு. வாளித் தாளம் இரண்டு நிமிசம் ஓடியது. பிறகு திடீரென்று நின்றது. பாட்டு முடியவில்லை, அவன் வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறான். அந்த இடைவெளிக்குள், தெளிவாக, கிட்டத்தில், சரீப் நானாவின் விக்கல். மூன்று குரைப்பு. ஊளை. பிறகு வாளி மறுபடி தொடங்கியது. ஓட்டோ ஒழுங்கைக்குள் திரும்பும் நேரத்தைக் காத்திருந்து, அதைத் தன் பாட்டுக்குள் கூப்பிட்டு வைத்திருக்கிறான். தாளைப் பிரித்தாள். பென்சிலில், சின்ன எழுத்தில்: 'செவிடி அக்கா, அம்மா எல்லாம் சொன்னவ. கோவமில்லை. அலுமாரிக்குப் பின்னால வந்து பதினாறு மாசம். நான் இங்க இருக்கிறன் எண்டு ஒரு ஆள் கண்டுபிடிச்சது அண்டைக்குத்தான். இதைப் போட்டிட்டுச் சொல்லுங்கோ, நான் எங்க இருக்கிறன்?'

அவள் தாளைச் சிறு துண்டுகளாகக் கிழித்தாள். பிறகு கலியாணப் பாட்டு வெட்டுகிற அதே மென்பொருளில் அவனுடைய பாட்டைத் திறந்தாள். விக்கலைத் தேடிப் பிடித்து வெட்டினாள். குரைப்புகளை வெட்டினாள். ஊளையின் வால் ஒரு சொல்லுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அவள் கேட்டாள், அதையும் எடுத்தாள். அவனுடைய ஊரை அவனுடைய பாட்டில் இருந்து துண்டு துண்டாக எடுத்து முடித்தபோது, வெட்டிய இடம் தெரியாத சுத்தமான பாட்டு ஒன்று மிஞ்சியது. இப்போது அவன் உலகத்தில் எங்கேயும் இல்லை.

அதை ஏற்றினாள். கடைசிக் கேள்வியை மட்டும் அவன் பெயரில் அடித்தாள்: செவிடி அக்கா, நான் எங்க இருக்கிறன்? பிறகு தன் பெயரில் பதில் எழுதினாள். நிறைய நேரம் எழுதினாள். தாளை அச்சடித்தாள். கையில் எடுத்தவள் வழக்கம் போலக் கவிழ்க்கப் போனாள், பிறகு நிமிர்த்தியே கொடுத்தாள்.

புஷ்பவதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உதடு அசைய வாசித்தாள்.

'கத்தார்தான் தம்பி. சந்தேகமே இல்லை. நல்ல அகலமான றோட்டு, வாகனம் போற சத்தம் கேக்குது. பின்னேரக் காத்து. கடை வாசலில ஆக்கள் சிரிக்கினம். ஒரு கதவு திறக்குது, பிறகு ஆரும் அதை மூடுற சத்தம் இல்லை. செருப்புச் சத்தம் கேக்குது. ரெண்டு செருப்பும் காலில இருக்கு. நீங்கள் பாடிக்கொண்டு நடந்து போறியள்.'

புஷ்பவதி தாளில் இருந்து தலையை எடுக்கவில்லை. கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"நடந்து போறானோ?"

"ஓம் அக்கா."

"வெளியிலயோ?"

"ஓம் அக்கா," என்றாள் பூரணி. "நடு றோட்டில."